எடப்புளி நாட்டுக் குரங்குகளின் சம்மதம்

1

போன ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பால் மாவுத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் ஈரப்பதம் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் படிக்கும் பள்ளியிலிருந்து கைப்பேசிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.

"உங்கள் மகள் இனியாவின் வடிவமைப்புப் பாடத்தில் பங்கேற்ற குரங்குகள் தொடர்பாக உங்களை நேரில் சந்திக்க விரும்புகிறோம். அவற்றின் நலனில் பள்ளிக்கு அக்கறை உண்டு."

நியூசிலாந்துக்கு வந்து பதினோரு வருடமாகிறது. வரி அலுவலகம், குடிவரவு அலுவலகம், நூலகம் என்று எல்லா இடத்திலிருந்தும் கடிதம் வாங்கியிருக்கிறேன். ஒருமுறை எங்கள் வேலி பக்கத்து வீட்டுப் பூனையின் மனநிலையைப் பாதிக்கிறது என்றுகூடக் கடிதம் வந்தது. குரங்குக்காக வந்தது இதுதான் முதல் தடவை. இந்த நாட்டில் காட்டுக்குரங்கே கிடையாது. அந்தக் குரங்குகள் இருப்பது கொல்லிமலையில், சோளக்காட்டுச் சந்தையில், என் அக்கா பூங்கொடியின் வாழைப்பழக் கடைக்கு எதிரில் இருக்கும் மரத்தில்.

விஷயம் எப்படி இங்கே வந்து நின்றது என்பதை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

2

இங்கே பள்ளியில் அடுத்த வருடத்துப் பாடங்களைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கென்று ஒரு புத்தகம் கொடுப்பார்கள். எங்கள் கல்யாணப் பத்திரிகையைவிட நல்ல தாளில் அச்சடித்தது. அதில் தொழில்நுட்பம், வணிகம், வடிவமைப்பு என்று ஒரு பகுதி தனியாக இருந்தது. மரவேலை, உலோகவேலை, துணி, உணவு, கணினி, பொருள் வடிவமைப்பு, வணிகவியல். ஒரு பக்கத்தில் ஒரு பெண் நாற்காலியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்கு மதிப்பெண் உண்டாம்.

நான் படித்தது கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில். அங்கே பிளஸ் ஒன் சேரும்போது இரண்டே குரூப். தலைமை ஆசிரியர் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் முறை வந்ததும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தேர்டு குரூப் ரூம்ல மழை ஒழுகுது. நீ ஃபர்ஸ்ட் குரூப்புக்குப் போயிரு" என்றார். நான் வேதியியல் படித்தது, சேலத்தில் ஒரு பால் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தது, கடல் தாண்டி வந்தது எல்லாம் அந்த ஒழுகலின் பலன்.

இனியா பொருள் வடிவமைப்பு, வணிகவியல், மரவேலை மூன்றையும் எடுத்திருந்தாள்.

"மூணும் ஒரே பாடம் மாதிரித்தானே இருக்கு?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. ஒண்ணுல வரையணும், ஒண்ணுல செய்யணும், ஒண்ணுல விக்கணும்."

"வித்து முடிச்சுட்டு எப்பப் படிப்ப?"

அவள் சிரித்துவிட்டுப் போனாள். நான் சிரிக்கவில்லை. இரண்டு வாரம் மனசுக்குள்ளேயே வைத்துக் குமைந்தேன். பிறகு ஒரு நாள் மதிய இடைவேளையில், வணிகவியலை எடுத்துவிட்டு இயற்பியலைப் போடும்படி பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அவளிடமும் சொல்லவில்லை, என் மனைவி சுமதியிடமும் சொல்லவில்லை.

பாட மாற்றம் பற்றிய பதில் எதுவானாலும் மாணவருக்கும் ஒரு நகல் போகும் என்பது இந்தப் பள்ளியின் விதி. எனக்கு அது தெரியாது.

அன்று மாலை இனியா சமையலறைக்கு வந்தாள். என்னைக் கேட்டிருக்கலாமே என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரே ஒரு வாக்கியம். வணிகவியல் அவளிடமே இருந்தது, போனது தமிழ்தான். அன்றிலிருந்து நான் எதைக் கேட்டாலும் "ஃபைன்", "ஓகே" இரண்டில் ஒன்று வரும். சுமதியிடம் மட்டும் வழக்கம்போல் தமிழில் வளவளவென்று பேசுவாள். நான் உள்ளே வந்தால் நாடு மாறிவிடும்.

3

வடிவமைப்பு ஆசிரியை ஹெலன் கண்டிப்பானவர். கற்பனைப் பிரச்சினைக்கு எதையும் வடிவமைக்கக் கூடாது. உண்மையான ஓர் ஆள், அந்த ஆளுக்கு உண்மையான ஒரு தொந்தரவு வேண்டும். அந்த ஆள் ஒவ்வொரு கட்டத்திலும் கருத்துச் சொல்ல வேண்டும். கடைசியில் அது உதவியதா இல்லையா என்றும் அவர்தான் சொல்ல வேண்டும். வகுப்பில் பலர் பக்கத்து வீட்டு நாயை எடுத்துக்கொண்டார்கள். இனியா அத்தையை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு காலை முழுக்க அக்காவின் கடையில் உட்கார்ந்திருந்தாள். மாமா இறந்தபிறகு அக்கா தனியாக நடத்தும் கடை அது. எடப்புளி நாட்டிலிருந்து விடியலில் பழத்தோடு பஸ் ஏறிவந்து, மாலை வரை கையில் குச்சியோடு உட்கார்ந்திருப்பாள். கண் அசந்தால் ஒரு சீப்பு மரத்துக்குப் போய்விடும். அதையெல்லாம் இனியா மறக்கவில்லை.

ஒரு சிக்கல்தான். அக்காவுக்கு ஆங்கிலம் வராது. இனியாவின் தமிழ் வீட்டுக்குள் ஓடும், வெளியே ஓடாது. சுமதிக்குச் சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரி வேலை. ஆகவே மொழிபெயர்ப்பாளர் பதவி எனக்கு வந்தது. ஏழு மாதமாக என்னிடம் பேசாத பெண், சனிக்கிழமை மதியம் மூன்றரைக்கு என் அறைக் கதவைத் தட்டி, "ரெடியா?" என்பாள். அக்காவுக்கு அப்போது காலை ஒன்பது மணி.

முதல் நாளே நான் ஒரு தப்புச் செய்தேன். பள்ளித் தாளில் அக்காவின் பதவியை 'ஸ்டேக்ஹோல்டர்' என்று போட்டிருந்தார்கள். எனக்குச் சட்டென்று வந்த சொல் பங்குதாரர்.

"பங்குதாரருன்னா என்னடா?" என்றாள் அக்கா.

"இந்த வேலையில உனக்கும் பங்கு இருக்குன்னு அர்த்தங்க்கா. சும்மா பேருக்குத்தான்."

"பங்கு இருக்கு"வரை கேட்டிருக்கிறது. அதற்குமேல் சிக்னல் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை அக்காவின் தலைக்குப் பின்னால் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் தெரிந்தது. பள்ளிச் சீருடையில் இனியா, பக்கத்தில் கும்பிட்டபடி அக்கா, மூலையில் ஆஸ்திரேலியக் கொடி. 'நியூசிலாந்து நிறுவனத்தின் சோளக்காடு பங்குதாரராகப் பொறுப்பேற்கும் பூங்கொடி அவர்களை வாழ்த்தும் சந்தை நண்பர்கள்.' கீழே பதினாறு பேரின் புகைப்படம். அதில் இரண்டு பேர் ஏற்கெனவே அக்காவிடம் வேலைக்கு மனு கொடுத்திருந்தார்கள்.

"அக்கா, அதைக் கழட்டச் சொல்லு. அது பள்ளிக்கூடப் பாடம்க்கா!"

"கழட்டுனா மழைக்கு என்னடா பண்ணுவேன்? அதுதான் இப்பக் கூரையே."

இனியா அந்தப் பேனரைத் திரைப்பிடிப்பு எடுத்துத் தன் கோப்பில் சேர்த்தாள். 'சமூகத்தின் ஈடுபாடு அபாரம்' என்று ஹெலன் எழுதியிருந்தார்.

4

பிறகு நேர்காணல். இனியா ஆங்கிலத்தில் வாசிப்பாள், நான் தமிழில் கேட்பேன்.

"ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லுக்கா. குரங்குங்க விஷயத்துல உனக்கு எவ்வளவு திருப்தி?"

அக்கா யோசித்தாள். "அஞ்சு போட்டுக்க."

"அஞ்சுன்னா ரொம்பத் திருப்தின்னு அர்த்தம்."

"ஆமாண்டா. அதுங்க வேலைய அதுங்க ஒரு குறையுமில்லாமச் செய்யுதுங்க. எனக்கு வேண்ணா ஒண்ணு போடு."

நான் மொழிபெயர்த்தேன். இனியா இரண்டையும் எழுதிக்கொண்டாள். எழுதும்போது உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். நான் பார்த்ததைப் பார்த்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

ஒருமுறை என்னை விட்டுவிட்டுத் தானே கேட்டாள். "அத்தை, குரங்கு எத்தனை மணிக்கு உங்களைத் திங்கும்?"

"இன்னும் திங்கல கண்ணு. பழம் தீந்துதுன்னா யோசிக்கும்."

கடைசிக் கேள்வி, இந்தப் பொருள் உங்களுக்கு என்ன செய்து தர வேண்டும் என்பது. பழத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பாள் என்று நினைத்தேன். அக்கா சந்தையின் மறுகோடியைக் கைகாட்டினாள்.

"அந்த டீக்கடையில பெஞ்சு போட்டிருக்காங்க கண்ணு. இந்தக் கடை போட்டதுலேர்ந்து நான் அதுல ஒருநாள் உக்காந்ததில்ல. இங்கதான் கொண்டாந்து குடுப்பாங்க, ஒரு கையில குச்சி, ஒரு கையில டம்ளர். போயி உக்காந்து ஒரு டீ குடிச்சுட்டு வாரணும். அவ்வளவுதான்."

நான் பதினோரு வருடமாக வாராவாரம் அக்காவோடு பேசுகிறேன். இது எனக்குத் தெரியாது. நான் கேட்டதுமில்லை.

இனியா தாளின் தலைப்பில் எழுதினாள்: 'பயனாளர் உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டும்.'

அன்றே அக்காவின் முகவரியையும் அவளே பூர்த்தி செய்தாள். எடப்புளி நாடு என்று நான் சொன்னேன். நாடு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். நாடு என்ற கட்டத்தில் எடப்புளி என்று போட்டுவிட்டாள்.

5

இனியா வரைந்தது, கம்பிவலை மூடியோடு கூடிய ஒரு பழ நிலைப்பேழை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு தாழ்ப்பாள். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மூடி திறக்கும். குரங்கு ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டுதான் மறுகையால் திருடும் என்பது அவளது ஆராய்ச்சி. அக்கா அனுப்பிய காணொளிகளைப் பார்த்து ஒரு மாதம் குரங்குகளின் கைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அட்டையில் செய்த மாதிரிப் பேழை இங்கே தேறியது. வரைபடம் கொல்லிமலைக்கு, செம்மேட்டில் உள்ள வெல்டிங் பட்டறைக்குப் போனது. ஐந்தில் ஒரு பங்கு அளவில் வரைந்தது என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். பட்டறைக்காரர் தாளின்மேல் ஸ்கேலை வைத்து அளந்து, தாளில் இருந்த அளவுக்கே செய்துவிட்டார். மிகமிக நேர்த்தியான வேலை. மூன்று பழம் கொள்ளும்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் அக்கா, அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி. "குரங்கும் இந்த அளவுக்கு இருந்தாப் பரவால்ல."

பெரியதைச் செய்ய இன்னும் இரண்டு வாரம் ஆனது. அதை வைத்த முதல் நாள் காணொளியை நான் தொழிற்சாலையில் பார்த்தேன். மூன்று குரங்குகள் வந்தன. இழுத்தன, ஆட்டின, கடித்தன. ஒன்று மேலே ஏறி உட்கார்ந்து எங்கோ பார்த்தது. திறக்க முடியவில்லை. தனியாக இருந்தேன், கைதட்டிவிட்டேன்.

அப்போது பைக்கில் வந்த இரண்டு பேர் ஒரு சீப்புக் கேட்டார்கள். அக்காவால் திறக்க முடியவில்லை, ஒரு கையில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, அந்தப் பக்கம் கொஞ்சம் அழுத்துங்க" என்றாள். ஒருவர் அழுத்தினார். மூடி திறந்தது. மேலே உட்கார்ந்திருந்தது இறங்கி ஒரு சீப்பை எடுத்துக்கொண்டு போனது. அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்த வாடிக்கையாளரை அக்கா பார்த்ததில்லையாம்.

ஆளைக் கிட்டத்தில் வைத்துத் திறக்கக் கூடாது என்று அதன்பிறகு கற்றுக்கொண்டாள். நாலு நாள் ஒரு பழம்கூடப் போகவில்லை. ஐந்தாம் நாள் ஒரு குரங்கு இந்தப் பக்கத் தாழ்ப்பாளில் கைவைத்தது, இன்னொன்று அந்தப் பக்கம் கைவைத்தது. தற்செயலா, பேசிவைத்துக்கொண்டதா தெரியவில்லை. மூன்றாவது உள்ளே இறங்கியது.

இனியா அழுதாள். கதவு சாத்தியிருந்தது, உள்ளே போக எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வெளியே நின்றேன். பிறகு அவளே எழுந்து, காணொளி முழுவதையும் பள்ளியின் தளத்தில் ஏற்றினாள். தலைப்பு: 'பயனாளர்களோடு சோதனை.' மறுநாள்தான் அந்த மின்னஞ்சல்.

6

கூட்டத்தில் துணைத்தலைமை ஆசிரியர், ஹெலன், விலங்கு நலனுக்குப் பொறுப்பான அறிவியல் ஆசிரியர் மூவரும் இருந்தார்கள். இந்தப் பக்கம் நானும் இனியாவும். விலங்குகளை வைத்துச் சோதனை செய்ய முன் அனுமதி வேண்டும். வாங்கவில்லையென்றால் வேலை முழுவதும் செல்லாது. அடுத்த வருடம் வடிவமைப்பில் மேலே போகவும் முடியாது. துணைத்தலைமை ஆசிரியர் இதை வருத்தத்தோடுதான் சொன்னார். மேசைக்கடியில் இனியாவின் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

ஆறு பக்கப் படிவம். விலங்குகள் எங்கிருந்து பெறப்பட்டன? மரத்திலிருந்து. உரிமையாளரின் சம்மதம் பெறப்பட்டதா? சோதனைக்குப்பின் விலங்குகள் என்ன செய்யப்பட்டன?

"அடுத்த கடைக்குப் போயின," என்றாள் இனியா.

"இன்னொன்று," என்றார் துணைத்தலைமை ஆசிரியர். "எடப்புளி என்ற நாடு எங்கள் பட்டியலில் இல்லை."

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் நாடு என்போம். அது தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது. தமிழ்நாடு இந்தியாவுக்குள் இருக்கிறது என்றேன். நாட்டுக்குள் நாட்டுக்குள் நாடு என்று அவர் எழுதிக்கொண்டார். நான் பிறந்தது வாழவந்தி நாடு என்றும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒரு நாட்டிலிருந்து மற்றதற்குப் போக விசா வேண்டுமா என்று கேட்டார். பஸ் போதும் என்றேன்.

குரங்குகளைச் சோதனைக்காகக் கொண்டுவரவில்லை என்று அக்கா வாயால் சொன்னால் போதும் என்று ஹெலன் எடுத்துக்கொடுத்தார். வீடியோ அழைப்புப் போட்டோம். அக்கா ஃபிளெக்ஸுக்கு அடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "வணக்கமுங்க" என்றாள்.

அறிவியல் ஆசிரியர் கையை உயர்த்தினார். மாணவியின் அப்பா மொழிபெயர்த்தால் அது நடுநிலையாக இருக்குமா?

எங்கள் குடும்பத்தை விட்டால் வேறு தமிழர் அந்த ஊரிலேயே இல்லை. திரையில் அக்கா, "கேக்குதுங்களா? கேக்குதுங்களா?" என்றாள்.

துணைத்தலைமை ஆசிரியர் இனியாவின் கோப்பைப் புரட்டினார். ஒரு தாளில் நின்றார். என் மின்னஞ்சல். அதை அவர் மெதுவாகப் படித்து முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பாடங்களை அவள் எடுப்பதை நீங்கள் ஆதரிக்கவில்லையா?"

"இல்லை," என்றேன். "அவளிடம் கேட்காமல் இதை எழுதினேன். எழுதியது தப்பு. ஒரு பாடம் என்பது எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என நினைத்திருந்தேன். என் அக்காவுக்கு என்ன வேண்டும் என்பதையே இந்தப் பாடத்தால்தான் தெரிந்துகொண்டேன்."

இதை ஆங்கிலத்தில் சொன்னேன். நடுவே இலக்கணம் இரண்டு இடத்தில் உடைந்தது. இனியா என்னைப் பார்க்கவில்லை, கால் ஆடுவது நின்றுவிட்டது.

துணைத்தலைமை ஆசிரியரின் முகம் மலர்ந்தது. "அப்படியானால் நல்லது! நீங்கள் திட்டத்துக்கு எதிரானவர். மகளுக்குச் சாதகமாக மொழிபெயர்க்க உங்களுக்குக் காரணமே இல்லை." படிவத்தில் எழுதியே விட்டார்: 'மொழிபெயர்ப்பாளர்: தந்தை. திட்டத்தை எதிர்ப்பவர்.'

இப்போது எதிர்க்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மேசைக்கடியில் இனியா என் காலை மிதித்தாள். மூடிக்கொண்டேன்.

"குரங்குகளை நீங்கள் வரவழைத்தீர்களா?"

"நான் எதுக்குங்க கூப்புடறேன்? அதுங்களாத்தான் வருதுங்க. வரவேண்டாம்னு அதுங்ககிட்ட நீங்க ஒரு லெட்டர் குடுத்தாலும் நல்லதுங்க, நான் கடையில மாட்டி வெச்சுக்கறேன்."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். மூவரும் பதினைந்து நிமிடம் தனியே பேசினார்கள். முடிவு எழுத்தில் வந்தது. சோதனைக்காகக் கொண்டுவரப்படாமல், தன் விருப்பப்படி கடைக்கு வந்துபோவதால், அந்தக் குரங்குகள் ஆய்வு விலங்குகள் அல்ல. பொதுமக்கள்.

7

காரில் பாதி வழி வந்திருப்போம். "ஏம்ப்பா கேக்காம எழுதினீங்க?" என்றாள் இனியா. தமிழில்.

"பயம்."

"எதுக்கு?"

"எனக்குத் தெரிஞ்சது ஒரே வழி. நீ வேற வழியில போனா, வழி கேட்டு என்கிட்ட வரமாட்டியேன்னு."

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "ஃபிசிக்ஸ் எனக்கு அப்புறமா வேணும்ப்பா. தாழ்ப்பாளுக்கு. ஆனா நானே எடுப்பேன்."

"சரி," என்றேன்.

கடைசி மதிப்பீட்டில் அக்கா உண்மையைச் சொன்னாள். பெரிய பேழை குரங்கை நிறுத்தவில்லை. பட்டறைக்காரர் தப்பாகச் செய்த சின்னதில் அவளுடைய கண்ணாடியும் கைப்பேசியும் இருக்கின்றன. அதற்குள் குரங்குக் கை நுழையாது.

"ஆனா நாலு நாளு பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சேன் கண்ணு. ரெண்டாம் நாளு ரெண்டு டீ."

இனியா அப்படியே எழுதினாள். வடிவமைப்பு தோற்றது, ஏன் தோற்றது, பயனாளர் எத்தனை டீ குடித்தார். அதற்குப் பள்ளி உச்ச மதிப்பெண் கொடுத்தது. அக்காவிடம் சொன்னபோது, "அங்க தோத்தாத்தான் பாஸா?" என்று கேட்டாள். விளக்க முயன்று விட்டுவிட்டேன். எனக்கே முழுதாக விளங்கவில்லை.

பாடம் முடிந்த அடுத்த சனிக்கிழமை, பழக்கத்தில் மூன்றரைக்குக் காத்திருந்தேன். யாரும் கதவைத் தட்டவில்லை. போய்ப் பார்த்தால் இனியா ஏற்கெனவே அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். மடியில் புதிதாக ஒரு வரைபடம். அக்கா எதையோ வேண்டாம் என்று தலையாட்டினாள். இனியா விடாமல் வாதாடினாள். அவள் தமிழில் பாதிச் சொற்கள் தப்பு. நான் திருத்துவதற்காக நாற்காலியை இழுத்தேன்.

"அப்பா, நீங்க போங்க. நாங்க பேசிக்கறோம்."

"அவ என்ன சொல்றான்னு உனக்குப் புரியுதாக்கா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டேன்.

"உனக்கு வேற சோலியே இல்லியா? போடா அங்குட்டு," என்றாள் அக்கா.

நான் பின்பக்கம் போய்க் கொடியில் காய்ந்த துணியை எடுத்தேன். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன விஷயம் என்று காது கொடுத்துக் கேட்டேன், பிடிபடவில்லை. மழை வரும்போல் இருந்தது. மீதித் துணியையும் எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.